மதிலில் வரையப்படாத முகங்கள்

2019 டிசம்பரில் ஓர் ஆசிரியர் செயலமர்வுக்காகக் கண்டிக்குப் போய், அங்கிருந்து பஸ்ஸில் கொழும்புக்கு வந்துகொண்டிருந்தேன். சாதாரண தரப் பரீட்சை முடிந்திருந்த நாட்கள். பிள்ளைகள் வீட்டில் ஓய்ந்திருப்பார்கள் என்று நினைத்தால், அவர்களோ வீதியின் இரு மருங்கிலும் மதில்களின் முன்னே ஏணியும் தீந்தை வாளியுமாக நின்றார்கள். சினிமாச் சுவரொட்டிகளும் தேர்தல் சுவரொட்டிகளும் உரித்தெடுக்கப்பட்டு, வெள்ளை அடிக்கப்பட்டு, அதன்மேல் யானை, குளம், தாதுகோபம், பறக்கும் மயிற்பொறியில் இராவணன், துப்பாக்கி ஏந்திய படைவீரன். நவம்பர் 16ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல் நடந்து இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை. புதிய ஆட்சியின் உற்சாகம் ஊருக்கு ஊர் மதில்களில் வழிந்துகொண்டிருந்தது.

நம்மவர்களில் அநேகர் அப்போது சொன்னது ஒன்றுதான்: "அதில் நாங்கள் இல்லை." உண்மை. நான் பார்த்த மதில்களில் தொப்பி அணிந்த மனிதரையோ முக்காடிட்ட பெண்ணையோ காணவில்லை. ஏப்ரல் 21 குண்டுகளுக்கும், மே 13இல் மினுவாங்கொடையிலும் குருநாகல் மாவட்டத்திலும் எரிந்த கடைகளுக்கும் பிறகான ஆண்டில் அதை எதிர்பார்த்ததே பேராசைதான். ஆனால் அந்த முறைப்பாட்டோடு நாம் நின்றுகொண்டதை நமது விமர்சனத்தின் வறுமை என்பேன். சுவர் மாணவர்மீது என்ன செய்கிறது என்று நாம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நமது மதில்களைப் பற்றியும் பேசவேண்டி வந்திருக்கும்.

முதலில் அந்த ஓவியங்களை ஓவியங்களாகவே பார்த்துவிடலாம். கைத்திறனுக்குக் குறைவில்லை. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் இவ்வளவு நேர்த்தியாக வர்ணம் குழைப்பார்கள் என்று நான் எண்ணியதில்லை. ஆனால் பெரும்பாலானவை பிரதிகள். அவற்றின் பாட்டன், கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் அச்சாகிச் சிங்கள வீடுகளில் தொங்கிய சாலிஸ் மாஸ்டரின் வர்ணப் படங்கள். தகப்பன், 1930களிலும் 40களிலும் சோலியஸ் மென்டிஸ் தீட்டிய களனி விகாரைச் சுவர்கள். மென்டிஸ் அஜந்தாவிலிருந்தும் பழைய விகாரைச் சுவர்களிலிருந்தும் கற்றுத் தனக்கென ஒரு கோட்டைக் கண்டுபிடித்த கலைஞர். அந்தத் தேடல் பாடநூற் படங்களின் வழியாக இறங்கி வரும்போது தொலைந்துபோய், தோரணை மட்டும் எஞ்சியது. பஸ் நின்ற ஓரிடத்தில் ஒரு பையனைக் கவனித்தேன். ஒரு கையில் தொலைபேசி, மறு கையில் தூரிகை. தொலைபேசியிலிருந்த படத்தைக் கட்டம் போட்டு மதிலில் பெருப்பித்துக்கொண்டிருந்தான். பின்னால் அவனது ஊர் இருந்தது: அரிசி ஆலை, பஸ் தரிப்பிடம், தையல் தொழிற்சாலைக்குப் போகும் பெண்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆக, அந்தச் சுவர்களில் முஸ்லிம் மட்டும் இல்லாமற் போகவில்லை. வரைந்த பையனும் அவற்றில் இல்லை. ஒரு சுவர் மாணவனுக்கு அளிக்கக்கூடிய மிகப் பெரிய கொடை, "உன் கண்ணால் நீ கண்டதைச் சொல்" என்பது. 2019இன் சுவர் அவனிடம் "சொல்லித் தந்ததைத் திருப்பிச் சொல்" என்றது. வகுப்பறையும் அதையேதான் சொல்கிறது. சுவர் வகுப்பறையின் நீட்சியாகிவிட்டது.

இந்த நாட்டில் சுவரில் எழுதுவது ஒன்றும் இழிதொழிலல்ல. சீகிரியாவின் கண்ணாடிச் சுவரில் 8ஆம் நூற்றாண்டு தொட்டுக் குன்றேறி வந்தவர்கள் கீறிவிட்டுப் போன 685 பாடல்களைப் பரணவிதான வாசித்து 1956இல் நூலாக்கினார். சிங்களக் கவிதையின் பழைய செல்வங்களில் அது ஒன்று. துறவியும் எழுதினார், பெண்களும் எழுதினார்கள். 2015இல் மட்டக்களப்பு மாவட்டத்து இளம்பெண் ஒருத்தி சுற்றுலா போன இடத்தில் அதே சுவரில் தன் பெயரைக் கீறினாள். இரண்டு வருடச் சிறைத்தண்டனை. பிற்பாடு ஜனாதிபதி மன்னிப்பில் வெளியே வந்தாள். தொல்பொருளைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்தச் செய்தியை வகுப்பில் வாசித்தபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சேர், ஆயிரம் வருஷத்துக்கு முந்தி எழுதினா கவித, இப்ப எழுதினா குத்தமா?" நான் சிரித்து மழுப்பினேன். இன்றுவரை அதற்கு என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை.

இனி நமது மதிலுக்கு வருகிறேன். நான் அப்போது கற்பித்தது கிழக்கின் கரையோர ஊரொன்றில். 2020 ஜனவரியில் உயர்தரச் சித்திர வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர் வந்தார்கள். "எங்கட மதில்லயும் கீறுவமா சேர்?" என்றார்கள். அதிபர் தலையசைத்தார். அவர்கள் கொண்டுவந்த மாதிரிப் படத்தைப் பார்த்து நான் உண்மையில் ஆச்சரியப்பட்டேன். இராவணனுக்குப் பதிலாக ஒரு சுல்தானைக் கொண்டுவருவார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். அப்படியொன்றும் இல்லை. கரைவலை இழுக்கும் ஆட்கள். பன்பாய் இழைக்கும் ஒரு மூத்தம்மா, பக்கத்தில் வெற்றிலை வட்டா. மதிலின் ஒரு அந்தத்திலிருந்து மறு அந்தம்வரை தோளுயரத்தில் ஒரு நீலக் கோடு.

"இது என்ன மகன்?"

"சுனாமித் தண்ணி நிண்ட உசரம் சேர். வாப்பா காட்டினது."

2004இல் அந்தப் பையன் கைக்குழந்தை. கண்டி வீதியில் நான் தேடிய கண் இதுதான்.

மூன்றாம் நாள் ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள். உயிருள்ளவற்றின் உருவம் கூடாது, அதுவும் பாடசாலை மதிலில் கூடவே கூடாது என்றார் ஒருவர். அப்படியானால் அறபு எழுத்தில் ஏதாவது அழகாக எழுதட்டுமே என்றார் இன்னொருவர். மூன்றாமவர் பதறிப்போனார். பெயர்ப்பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் தவிர வேறெதுவும் கூடாது என்ற பணிப்பு வந்து, பல ஊர்களில் அறபுப் பலகைகள் கழற்றப்பட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. முகமும் கூடாது, எழுத்தும் கூடாது. பிள்ளைகள் ஒரு சமரசம் கண்டார்கள்: மூத்தம்மாவை முகமில்லாமல் விட்டார்கள். வெள்ளை முக்காட்டுக்குள் வெறும் வெள்ளை. சின்னப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று பெற்றோர் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வெள்ளை அடித்து மூடினோம். "மூடினோம்" என்கிறேன், ஏனென்றால் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருவன். அதன்மேல் சூரியன், தென்னை, மும்மொழியில் "மரம் நடுவோம்".

நான் ஆலிமல்லன். உருவ ஓவியம் பற்றிய மார்க்கத் தீர்ப்புகளை ஆராய்வது என் வேலையுமல்ல. அந்த ஆட்சேபத்தை நேர்மையாக முன்வைப்பவரை மதிக்கிறேன். ஆனால் அன்று மதிலை மூடியது மார்க்கத்தைவிட அச்சம்தான். மார்க்கம் மட்டும் பேசியிருந்தால் வழி இருந்தது. 2012இல் தூனிசியாவின் காபிஸ் நகரில் ஜாரா பள்ளிவாசலின் மினாராவில், எல் சீட் என்ற தெருவோவியர் இமாமின் சம்மதத்தோடு அறபு எழுத்தையே ஓவியமாக எழுப்பினார். அவர் தெரிந்தது ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனம். மனிதர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே இனங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டார்கள் என்பது அதன் கருத்து. 2019க்குப் பிந்திய இலங்கையின் ஒரு மதிலுக்கு, சிங்கள, தமிழ் மொழிபெயர்ப்போடு, இதைவிடப் பொருத்தமான வாசகம் எது? அந்த யோசனை அன்று எனக்கு வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லத் துணிந்திருப்பேனா என்பது வேறு விடயம்.

அதே ஆண்டு மார்ச் இறுதியில் ஜனாஸா எரிப்புத் தொடங்கியது. டிசம்பரில் இருபது நாள் குழந்தையொன்று எரிக்கப்பட்டபின், பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் பல மதத்தவரும் வந்து வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினார்கள். இரவோடிரவாக அவை அகற்றப்பட்டன. அதற்குள் நாடெங்கும் வீட்டு வாசல்களில் வெள்ளைத் துணி ஏறிவிட்டது. படமில்லை, எழுத்தில்லை, முகமில்லை. அதை யாரும் ஓவியம் என்று சொல்லவில்லை. இந்நாட்டின் தெருக்களில் நான் கண்ட ஆகச் சிறந்த தெருவோவியம் அதுவே என்று நான் சொல்வேன். அந்தப் பதினொரு மாதங்களில் நமது கவிஞர்கள் எழுதிக் குவித்தவற்றை இப்போது எடுத்து வாசித்தால், நாலைந்தைத் தவிர மற்றவற்றில் கூச்சல்தான் கேட்கிறது. அந்தத் துணியின் அடக்கம் அவற்றுக்குக் கைகூடவில்லை.

அந்த நாட்களில் எனது சித்திர வகுப்பு மாணவி ஒருத்தி தன் வீட்டுப் படலையில் துணி கட்டிய படத்தை எனக்கு அனுப்பியிருந்தாள். மூத்தம்மாவை வரைந்தவள் அவள்தான். படத்தோடு ஒரு வரி: "இதுக்கு முகம் தேவயில்ல சேர்." வாழ்த்தா குத்தலா என்று எனக்கு விளங்கவில்லை. பதில் எழுதாமல் விட்டுவிட்டேன்.

2022இல் காலிமுகத்திடலில் இளைஞர்கள் வரைந்தவையும் எழுதியவையும் தனிக் கட்டுரைக்குரியவை. ஒன்று மட்டும் சொல்லலாம். மூன்றாண்டுக்கு முன் படைவீரனைப் பிரதிபண்ணிய கைகள் சில அங்கும் இருந்திருக்கக்கூடும். ஆனால் இம்முறை அவர்கள் தமது சொந்தப் பசியை வரைந்தார்கள், எரிவாயு வரிசையை வரைந்தார்கள்.

சென்ற மாதம் அந்தப் பழைய பாடசாலைப் பக்கம் போனேன். தென்னையின் பச்சை வெளிறிவிட்டது. சிங்கள எழுத்து பாதி உதிர்ந்திருக்கிறது. வெள்ளை அடித்த அன்று அலங்காரக் கரை என்று நினைத்து விட்டுவிட்டார்கள் போலும், நீலக் கோடு மட்டும் அப்படியே இருக்கிறது. பள்ளி விட்டுப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். ஒரு சிறுவன் கோட்டின்மேல் விரலை வைத்துத் தேய்த்துக்கொண்டே மதில் முடியும்வரை நடந்துபோனான்.