திரையில் விரியும் உடல்

ராபர்ட் ஆக்லண்டு நுண்ணறுவையில் பெயர் பெற்றவர். அமெரிக்காவின் லூயிவில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். அவர் ஆக்கிய மனித உடற்கூற்றியல் வீடியோ அட்லஸ் 1990-களில் நாடாக்களாக வெளிவந்து, பின்னர் இணையத்துக்கும் வந்தது. 2020, 2021 ஆண்டுகளில் கோவிட் பெருந்தொற்று மருத்துவக் கல்லூரிகளின் பிண அறுவைக் கூடங்களைப் பூட்டியபோது, இத்தகைய படங்களே பல நாடுகளில் மாணவர்களுக்கு ஆசிரியராயின. எனவே இதனைச் சீர்தூக்கிப் பார்ப்பது பொருத்தமே.

முதலில் நிறையைச் சொல்லிவிடுவோம். பார்மலினில் பதப்படுத்திய சடலம் விறைத்து, நிறம் மங்கியிருக்கும். நரம்பு எது, இரத்தக்குழாய் எது என்று முதலாண்டு மாணவர் திகைப்பார். ஆக்லண்டு பதப்படுத்தாத உடல்களையே எடுத்துக்கொண்டார். தசைநாணை இழுத்தால் விரல் மடங்குவதைக் கண்ணாரக் காண்கிறோம். கத்தி தோலிலிருந்து உள்ளே செல்லும். இவரோ எலும்பில் தொடங்கி, தசை, குழாய், நரம்பு என்று வெளிநோக்கி வருகிறார். புரிந்துகொள்ள இதுவே எளிய வழி. விளக்கவுரையிலும் வீண் சொல் இல்லை.

ஆனால், கொழுப்பையும் இணைப்புத் திசுவையும் வேறொருவர் முன்பே நீக்கிவிட்டார். அறுவைக் கூடத்தில் மாணவரின் நேரத்தைப் பெரும்பாலும் விழுங்குவது இந்த வேலைதான். அலுப்பூட்டும் வேலை, என்றாலும் இடுக்கி முனையில் நரம்பு எப்படி உணரப்படும் என்பதைக் கை அங்கேதான் கற்கிறது.

இதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. திரையில் காண்பது ஒழுங்கான உடல். வாசகர்களே, கட்டைவிரல் நுனியால் சுண்டுவிரல் நுனியைத் தொட்டு, மணிக்கட்டைச் சற்று மடக்குங்கள். நடுவில் ஒரு நாண் புடைக்கிறதா? அது பால்மாரிஸ் லாங்கஸ் என்னும் தசையின் நாண். சிலருக்கு ஒரு கையில் மட்டும் இருக்கும். சிலருக்கு இரண்டிலும் இராது. அதனால் தீங்கில்லை. பித்தப்பைத் தமனியின் கதை வேறு. அது பெரும்பாலும் வலது கல்லீரல் தமனியிலிருந்து கிளைக்கும். சிலரிடம் வேறிடத்தில் புறப்பட்டுப் பித்த நாளத்துக்கு முன்புறமாகக் கடந்து செல்லும். பித்தப்பையை அகற்றும் மருத்துவர் இதை எதிர்பாராவிட்டால் ஆபத்து நோயாளிக்கே. பத்து மேசைகள் உள்ள கூடத்தில், அடுத்த மேசையை எட்டிப் பார்க்கும் மாணவர் இத்தகைய வேறுபாடுகளைத் தாமே கண்டுகொள்வார்.

பெருந்தொற்றுக் காலத்தில் பல இடங்களில் உடற்கொடை நின்றது. கூடங்கள் மீண்டும் திறந்தபோதும் சிறு குழுக்களாகவே மாணவர் அழைக்கப்பட்டனர். பார்மலின் நெடியோடு முகக்கவசப் புழுக்கமும் சேர்ந்தது. அவர்கள் தேர்வில் தேறினார்களே என்பர் சிலர். படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் தேர்வு கையைச் சோதிப்பதில்லை. அன்றைய முதலாண்டு மாணவர்கள் இன்று நோயாளிகளைத் தொட்டுப் பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டனர். அறுவைத்துறைக்குச் செல்வோருக்கேனும் இழந்த மணிநேரங்களைக் கூடத்திலேயே ஈடுசெய்து தரவேண்டும்.

இனிப் படமெடுப்போர் ஒரே பகுதியை ஐந்தாறு உடல்களில் அடுத்தடுத்துக் காட்டலாம். ஆக்லண்டின் பொறுமை வாய்த்தவர்களுக்கு அது இயலாததன்று.