கொலைக்களத்தில் கேட்கப்படாத கேள்வி

சிலப்பதிகாரத்தைப் பாடசாலையில் கற்பிக்கும் நாம் பெரும்பாலும் வழக்குரை காதையிலேயே நின்றுவிடுகிறோம். கண்ணகி அரசவையில் வாதாடுகிறாள், சிலம்பு உடைகிறது, முத்து இருக்கும் என எதிர்பார்த்த இடத்தில் மாணிக்கம் தெறிக்கிறது, பாண்டியன் உயிர் துறக்கிறான். 'பாண்டியனின் நீதி வழுவாமையை விளக்குக' என்று வினாவும் எழுதுகிறோம். மாணவரும் நாம் விரும்பிய விடையையே எழுதித் தருகின்றனர். சென்ற தவணையில், தெஹிவளையில் நம்மிடம் படிக்கும் மாணவன் ஒருவன் மட்டும் எழுந்து, "சேர், இந்த விசாரணை கோவலன் செத்த பிறகுதானே நடக்குது?" என்று கேட்டான். உடனே விடை கூற நம்மால் இயலவில்லை.

கொலைக்களக் காதையைச் சற்று நிதானமாகப் படித்துப் பார்ப்போம். அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன் பொற்கொல்லன். பழியைச் சுமத்த அவனுக்கு ஓர் ஆள் வேண்டும். மதுரையில் தனக்காகப் பேச எவருமற்ற கோவலன் அகப்படுகிறான். அவனைக் குறிக்க இளங்கோ 'புலம்பெயர்' என்னும் சொல்லையே ஆளுகிறார். அரசனோ ஊடிய தேவியைத் தேற்றும் அவசரத்தில் இருக்கிறான். முறையிட்டவனின் சொல்லையன்றி வேறு சான்று எதனையும் அவன் கேட்கவில்லை, காவலரை ஏவிவிடுகிறான். அக்காவலர்கூடத் தயங்குகின்றனர்; இவன் தோற்றம் கள்வனுக்குரியதன்று என்கின்றனர். அப்பொழுது பொற்கொல்லன், மந்திரம், தெய்வம், மருந்து எனத் தொடங்கி, கள்வருக்குரிய துணைகள் எட்டினை வகுத்துரைக்கிறான். காவலருள் ஒருவன் தான் முன்பு கண்ட வேறொரு கள்வனின் கதையைச் சொல்கிறான். எவனோ செய்த களவு இவன்மீது சான்றாகிறது. இறுதியில் கல்லாத குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

'இச்சிலம்பு உனக்கு எவ்வாறு கிடைத்தது?' என்று மட்டும் எவரும் கோவலனைக் கேட்கவில்லை. கேட்டிருப்பின், ஆயர் குடியிலே கண்ணகியிடம் இருந்த மற்றைச் சிலம்பு சான்றாக வந்திருக்கும். வழக்குரை காதையில் நிகழ்ந்ததெல்லாம் முன்னதாகவே நிகழ்ந்திருக்கும்.

இதற்கு ஊழ்வினையைக் காரணங்காட்டுவது மரபு. காப்பியமே அவ்வாறு கூறுகிறது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், கலைஞன் கூறும் கருத்து வேறு; அவன் காட்டும் வாழ்க்கை வேறு. அரசனின் அவசரத்தையும், காவலரின் ஐயத்தையும், அந்த ஐயம் அடக்கப்பட்ட விதத்தையும் இளங்கோ படிப்படியாகக் காட்டிச் செல்கிறார். ஊழ் மட்டுமே போதுமாயின் இவ்வளவு விவரம் எதற்கு?

நிற்க. இது பழங்கதை அன்று. நம் நீதிமன்றத் தமிழில் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு வழங்கும் பெயர் 'எதிரி'. அவன் யாருக்கு எதிரி? வழக்கின் எதிர்த்தரப்பு என்பதே அதன் பொருள். எனினும் பகைவன் என்ற பொருளும் அதில் ஒட்டிக்கொண்டே வருகிறது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை, குற்றம் எண்பிக்கப்படும்வரை ஒருவரைச் சுற்றவாளியென்றே கொள்ளவேண்டும் என்கிறது. சட்டத்தரணி மூலம் தன் தரப்பை எடுத்துரைக்கும் உரிமையையும் வழங்குகிறது. பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளித்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக எண்பிக்கலாகாது என்பது 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் விதி. அந்நிய ஆட்சிகூட இந்த அளவுக்கு எச்சரிக்கையாக இருந்தது!

1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் இந்த விதியைத் தலைகீழாக்கிற்று. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் அளித்த வாக்குமூலம் சான்றாயிற்று. அது வற்புறுத்திப் பெறப்பட்டதெனில், அதை எண்பிக்கும் பொறுப்பு எதிரியின் தலையில் விழுந்தது. சிங்கராசா வழக்கை எடுத்துக்கொள்வோம். தமிழ் மட்டுமே தெரிந்த அம்மனிதரின் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டு, அவரது பெருவிரல் அடையாளம் பெறப்பட்டது. 1995இல் விதிக்கப்பட்ட 50 ஆண்டுத் தண்டனை மேன்முறையீட்டில் 35 ஆண்டுகளாகக் குறைந்தது. 2004இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு, எண்பிக்கும் பொறுப்பை எதிரிமேல் சுமத்தியது அவரது உரிமையை மீறியதெனக் கண்டது. 2006இல் நம் உயர் நீதிமன்றம் அம்முடிவுக்குச் செயல்வலு அளிக்க மறுத்துவிட்டது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் தடுத்துவைக்கும் காலத்தின் உச்சவரம்பை 18 மாதங்களிலிருந்து 12 மாதங்களாகக் குறைத்ததேயன்றி, வாக்குமூலப் பிரிவைத் தொடவில்லை.

'புலம்பெயர்' என்ற சொல்லின் கனத்தையும் நம் அயலவர் அறிவர். 2007 ஜூன் 7ஆம் நாள், வெள்ளவத்தை முதலிய இடங்களின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அங்கும் ஏற்றியது முதலில், கேட்டது பின்னர்.

ஆசிரியர்களாகிய நாம் நாணவேண்டிய வழக்கு ஒன்றும் உண்டு. 2020 மே மாதம் கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாப் ஜஸீம் இதே சட்டத்தின்கீழ்க் கைதானார். அவரது 'நவரசம்' என்னும் தமிழ்க் கவிதைத் தொகுதி தீவிரவாதத்தைப் பரப்புவதாகக் கூறப்பட்டது. வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகள் அதே நூலில் இருந்தன. 2021 டிசம்பரில்தான் அவருக்குப் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஒரு கவிதைக்குப் பொருள் கூறுவது நமது தொழில். அந்தத் தொழிலைப் பொலிஸார் கையிலெடுத்தபோது, 'இக்கவிதையின் பொருள் இதுவன்று' என்று முன்வந்து சொன்ன தமிழாசிரியர் நம்மில் எத்தனை பேர்? கொலைக்களத்தில் ஐயுற்றும் அடங்கிப்போன காவலரை நாம் எந்த முகத்தோடு குறைகூறுவது?

அந்த மாணவனுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அடுத்த தவணை வினாத்தாளில் பாண்டியனின் நீதி பற்றிய வினா இராது. 'கொலைக்களத்தில் கோவலனிடம் கேட்கப்பட்டிருக்கவேண்டிய கேள்விகள் யாவை?' என்ற வினாவே இருக்கும். மற்றைய பாடசாலைகளின் ஆசிரிய நண்பர்களும் இதனைத் தம் வகுப்புகளில் கேட்டுப் பார்ப்பார்களாக.