மாதரி ஏன் இந்த மூவரைத் தேர்ந்தெடுத்தாள்?

ஆய்ச்சியர் குரவைக்கு நாம் எழுதும் குறிப்புகளில் இரண்டு செய்திகள் கட்டாயம் இருக்கும்: தீய நிமித்தம், திருமால் துதி. நடுவில் மாதரி ஏழு பெண்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று பெயர் வைக்கிற இடம் ‘ஏழிசைப் பெயர்கள்’ என்ற ஒரு வரியோடு முடிஞ்சிடும். மாணவர்களும் ஏழையும் மனப்பாடம் பண்ணிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிடுவாங்க. என்னைக் கேட்டால், அந்தக் காதையின் உயிரே இந்த இடத்தில்தான் இருக்கு.

ஏழு பேரில் முதலில் மூவரைத்தான் மாதரி தெய்வப் பெயரால் அழைக்கிறாள். குரல் மாயவன், இளி பலராமன், துத்தம் நப்பின்னை. வட்டத்தில் பலராமன் மாயவனுக்குப் பக்கத்தில்கூட நிற்கவில்லை. பிறகு ஏன் இந்த மூவர்? எண்ணிப் பாருங்களேன். குரலிலிருந்து ஐந்தாவது இளி. இளியிலிருந்து மறுபடி சுற்றி எண்ணினால் ஐந்தாவது துத்தம். பழைய இசை இலக்கணம் ஐந்தாம் நரம்பைக் ‘கிளை’ என்கிறது, அதாவது உறவு. நான்காவது நட்பு, மூன்றாவதும் ஆறாவதும் பகை. கண்ணன், அவன் அண்ணன், அவன் காதலி என்று உறவுக்காரர்களுக்கு உறவு நரம்புகளையே இளங்கோ கொடுத்திருக்கிறார். குரலை ச என்று வைத்து இப்படியே இன்னும் இரண்டு முறை எண்ணினால் விளரி, கைக்கிளை கிடைக்கும். ஐந்தையும் வரிசைப்படுத்தினால் ச ரி க ப த, மோகனம். குரவையில் வரும் முல்லைப்பண்ணை மோகனம் என்று எஸ். இராமநாதன் போன்ற ஆய்வாளர்கள் சொல்வது இதோடு பொருந்துகிறது.

விரல்விட்டு எண்ணினால் இது கணக்கு மாதிரிதான் தெரியும். காதில் விழணும். அதற்குச் சங்கீத வகுப்பு தேவையில்லை. ‘டுவிங்கிள் டுவிங்கிள்’ பாட்டில் முதல் சொல் ச ச, இரண்டாவது சொல் ப ப. பாலர்பள்ளியிலேயே பிள்ளைகள் பாடிப் பழகிய இந்தத் தாவல்தான் குரலிலிருந்து இளி. கைப்பேசியில் தம்புரா ஒலிக்கவிட்டு, ச–ப, ச–ம இரண்டையும் மாற்றி மாற்றிப் பாடிக் காட்டுங்கள். ஐந்தா, நான்கா என்று கண்ணை மூடிக்கொண்டு மாணவர்கள் சொல்லட்டும். முதலில் குழப்பம் வரும். நல்ல தம்புராவில் ச தந்தியை மட்டும் மீட்டினாலே உள்ளே ப மெலிதாகக் கேட்கும். ம அப்படிக் கேட்காது. வித்தியாசம் பிடிபட இந்த ஒரு குறிப்பு போதும்.

இளியிலிருந்து துத்தத்துக்கு மேலேறிப் போனால் மேல்ஸ்தாயி ரி வரும். பாடச் சிரமப்படுபவர்கள் கீபோர்டில் தட்டிக் கேட்கட்டும்: ச, ப, மேல் ரி. மாயவன், பலராமன், பின்னை.