பழைய டிவி எந்த டிஷ்ஷில் வரும்?

டிஷ், ஆன்டெனா பற்றி எப்போதாவது எழுதுகிறவன் என்பதால் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: "பழைய டிவி நிகழ்ச்சி எல்லாம் போடற சேனல் எந்த சேட்டிலைட்ல சார் வருது?" தேடிப் பார்த்ததில் கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன். சுருக்கமான பதில்: டிஷ் பிரச்சினையே இல்லை. சேனல்தான் பிரச்சினை.

முதலில் டிஷ். மாதக் கட்டணம் இல்லாத டி.டி. ஃப்ரீ டிஷ், 93.5 டிகிரி கிழக்கில் இருக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளில் வருகிறது. கண்டமங்கலத்திலிருந்து கணக்குப் போட்டால் திசை தென்கிழக்கு (வடக்கிலிருந்து சுமார் 130 டிகிரி), உயரக் கோணம் சுமார் 69 டிகிரி. அதாவது கிட்டத்தட்ட தலைக்கு மேலே. தென்னை மரம், பக்கத்து வீட்டு மாடி எதுவும் பெரிதாகக் குறுக்கே வராது. ரெண்டடி டிஷ், ஒரு எல்.என்.பி., ஒரு செட்டாப் பாக்ஸ் போதும். கனமழை கொட்டும் நேரம் தவிர படம் பளிச்சென்று நிற்கும்.

எண்பதுகளில் நிலைமை நேர் எதிர். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. எங்கள் ஊருக்கும் சென்னைக்கும் நேர்கோட்டில் சுமார் 145 கிலோமீட்டர். டிவி அலை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. கோபுரத்தின் உயரம், ஆன்டெனாவின் உயரம் இரண்டையும் மீட்டரில் எடுத்து, தனித்தனியே வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வரும். 150 மீட்டர் கோபுரம், மொட்டை மாடியில் 10 மீட்டர் குழாய் என்று வைத்தால் 63 கிலோமீட்டர்தான் வருகிறது. அதற்கு மேல் பூமியின் வளைவு மறைத்துவிடும். ஆனாலும் இருபதடி, முப்பதடிக்குக் குழாய் நட்டு, பூஸ்டர் போட்டு, ஒருத்தர் மேலே நின்று திருப்ப, இன்னொருத்தர் கீழே இருந்து "வருது, வருது... போச்சு!" என்று கத்துவது தமிழ்நாட்டில் பல ஊர்களில் நடந்தது. கணக்குப்படி வரக்கூடாத சிக்னல் சில ராத்திரிகளில் வந்தும் இருக்கிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதற்கு மேல் சூடான அடுக்கு படியும்போது, அலை அதில் வளைந்து தொடுவானம் தாண்டிப் போகும்.

கடலுக்கு மேலே இது இன்னும் நன்றாக நடக்கும். 1982-ல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியை ராமநாதபுரம், தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கம் பார்த்தவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுவார்கள். ஒலிபரப்பி இருந்தது 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகலை மலை உச்சியில். மலையின் உயரம் பாதி வேலையைச் செய்தது, மீதியைக் கடல் காற்று பார்த்துக்கொண்டது. அந்தச் சனங்கள் அவ்வளவு சிரமப்பட்டதற்குக் காரணம், பார்ப்பதற்கு மறுமுனையில் ஏதோ இருந்தது.

இன்றைக்கு மறுமுனையில் என்ன இருக்கிறது?

தமிழில் "பழசு" என்று சொல்லி ஓடும் சேனல்களை எடுத்துக்கொள்வோம். முரசு, சன் லைஃப் போன்றவை பழைய திரைப்பாடல், பழைய படம் போடுகிறவை. நல்ல சேவைதான், மறுக்கவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் இதை ஓடவிட்டு உட்காரும் பெரியவர்கள் எத்தனையோ பேர். ஆனால் இவை பழைய சினிமாவைக் காட்டுகின்றன, பழைய தொலைக்காட்சியை அல்ல. இரண்டும் ஒன்றில்லை. சினிமாவுக்கு தியேட்டர், கேசட், சிடி என்று நாலு வழி இருந்தது. டிவி நிகழ்ச்சிக்கு டிவியை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது.

அந்த சினிமாவையாவது ஒழுங்காகக் காட்டுகிறோமா? பல சேனல்களில் 4:3 படத்தை 16:9 திரைக்கு இழுத்து நிரப்பி விடுகிறார்கள். கணக்குப் பார்த்தால் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ராஜராஜ சோழன் வந்தது 1973-ல். அதற்கு முந்தைய பாட்டெல்லாம் கிட்டத்தட்டச் சதுரச் சட்டத்துக்காக எடுக்கப்பட்டவை. இழுத்தால் சாவித்திரி, பத்மினி, சிவாஜி எல்லாருக்கும் முகம் வீங்கிவிடும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டால் தீர்ந்தது. ஒரு பைசா செலவில்லை. அடுத்தது, பாடலாசிரியர், இசையமைப்பாளர், வருடம் எதுவும் பல நேரம் திரையில் வருவதில்லை. படமே இல்லாத இலங்கை வானொலி இதையெல்லாம் வாயால் சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போட்டது.

சரி, பழைய தமிழ்த் தொலைக்காட்சி என்று எதைச் சொல்கிறேன்? செவ்வாய்க்கிழமை நாடகங்கள். நேயர் கடிதங்களுக்குப் பதில் சொன்ன 'எதிரொலி'. 'வயலும் வாழ்வும்'. கே.பாலசந்தரின் 'ரயில் சிநேகம்'. அதற்குப் பிறகு தனியார் சேனல் காலத்தில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய 'மர்ம தேசம்'. 'வயலும் வாழ்வும்' பழங்கதை என்று நினைத்தால், ஒரு முப்பது வருடத்து எபிசோடுகளை வரிசையாக ஓட்டிப் பாருங்கள் என்பேன். எந்த நெல் வந்தது, எந்த உரம் பரிந்துரைக்கப்பட்டது, விவசாயி எப்படி உடுத்தினார், அதிகாரியிடம் எப்படிப் பேசினார் என்பது அதில் இருக்கும். எந்த சினிமாவிலும் அது இருக்காது.

அமெரிக்காவில் இது வேறு மாதிரி நடந்தது. 2009 ஜூனில் பெரிய நிலையங்கள் அனலாகை நிறுத்தி டிஜிட்டலுக்கு மாறின. ஒரே அலைவரிசையில் நாலைந்து துணைச் சேனல் போட இடம் கிடைத்தது. அந்தக் காலி இடத்தை நிரப்பத்தான் மீடிவி, ஆன்டெனா டிவி போன்றவை 2010, 2011 வாக்கில் நாடு முழுக்கப் பரவின. 1951-ல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' இன்றும் சாதாரண வீட்டு ஆன்டெனாவில் இலவசமாக வருகிறது. அதற்கு இன்னொரு காரணம், அந்தத் தொடர் ஃபிலிமில் எடுக்கப்பட்டது. டேப்பில் எடுத்தவற்றின் கதி அங்கேயும் மோசம். பிபிசியே பழைய டேப்புகளை அழித்து மறுபடி பயன்படுத்தியது ஊரறிந்த விஷயம்.

இங்கே? தரைவழி அனலாக் ஒளிபரப்பிகளை பிரசார் பாரதி படிப்படியாக மூடி, 2022 மார்ச்சோடு, முக்கியமான இடங்களில் இருந்த சுமார் 50 தவிர மற்றவற்றை முடித்துக்கொண்டது. சென்னை உள்ளிட்ட சில நகரங்களில் டிஜிட்டல் தரைவழி 2016-லேயே வந்தாலும், வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை. ஆக, அங்கே பழைய டிவிக்கு இடம் கொடுத்த தொழில்நுட்பம் இங்கே கிராமம் வரை வரவே இல்லை. ஃப்ரீ டிஷ்ஷில் இடம் இருக்கிறது. ஆனால் தனியார் சேனல்களுக்கான இடங்கள் ஏலத்தில் போகின்றன, எடுப்பவை பெரும்பாலும் இந்தி சேனல்கள். 2020 ஊரடங்கில் ராமாயணத்துக்குக் கூடிய கூட்டத்தைப் பார்த்துவிட்டு டி.டி. ரெட்ரோ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அதுவும் முக்கியமாக இந்தித் தொடர்களுக்குத்தான். இப்போது அதுவும் இல்லை.

"யூடியூப்ல இருக்கே, பிரசார் பாரதியோட வேவ்ஸ் ஆப்ல இருக்கே" என்பீர்கள். இருக்கிறது, கொஞ்சம். ஆனால் அங்கே எதையும் பார்க்க, முதலில் அதன் பெயர் தெரிந்திருக்க வேண்டும். 'ரயில் சிநேகம்' என்று ஒன்று இருந்ததே தெரியாத இருபது வயதுப் பையன் அதை எப்படித் தேடுவான்? சேனல் என்பது தெரியாததைக் கண்ணில் படவைக்கிற சாதனம். சும்மா ரிமோட்டை அழுத்திக்கொண்டு போகிறவன் ஐந்து நிமிடம் நின்றுவிட்டால் போதும். அறுபது, எழுபது வயதுக்காரர்களுக்கோ தேடுவதே ஒரு தடை, டேட்டா இன்னொரு தடை. ரிமோட்டில் ஒரு நம்பர் அவர்களுக்குத் தெரியும்.

தனிச் சேனல் கேட்கவில்லை. டி.டி. தமிழ் ஏற்கெனவே ஃப்ரீ டிஷ்ஷில் இருக்கிறது, 2024 ஜனவரிக்கு முன்பு பொதிகை என்ற பெயரில் இருந்த அதே சேனல். அதில் தினமும் ராத்திரி பத்து முதல் பன்னிரண்டு வரை ஆவணக் காப்பில் இருக்கும் டேப்புகளை அப்படியே போடட்டும். 4:3-லேயே, ஒளிபரப்பான தேதியும் கலைஞர்கள் பெயரும் கீழே ஓட. காந்த நாடாவுக்கு ஆயுள் குறைவு. அந்த டேப்பைப் போட்டுக்காட்டும் இயந்திரங்களும், அவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். இன்னும் பத்து வருடம் கழித்துத் தொடங்கலாம் என்றால் போடுவதற்கு என்ன மிஞ்சும் என்பது சந்தேகம்.

அதனால் கேட்டவர்களுக்கு என் பதில்: டிஷ்ஷுக்குக் கூடுதலாகக் காசு செலவழிக்காதீர்கள். எட்டடி டிஷ் வைத்தாலும் யாரும் அனுப்பாத சிக்னல் வராது. அந்த நேரத்தில் டி.டி. தமிழுக்கு ஒரு கடிதம் எழுதிப் போடுங்கள். எந்த நிகழ்ச்சி, ஏறக்குறைய எந்த வருடம், அதில் யார் இருந்தார்கள் என்று நினைவில் இருப்பதையெல்லாம் எழுதுங்கள். டேப்பின் மேல் ஒட்டிய சீட்டு உதிர்ந்து போயிருந்தால், உள்ளே இருப்பது என்னவென்று கண்டுபிடிக்க அதுவே உதவலாம்.