தண்டவாளமும் பொறுப்பும்: 'நவிகேற்றர்ஸ்' திரைப்படம் குறித்துச் சில கருத்துக்கள்

பொதுச் சேவைகள் தனியார்மயமாக்கப்படுவது பற்றிய விவாதம் பெரும்பாலும் கட்டணம், இலாபம், வினைத்திறன் ஆகிய மூன்று சொற்களுக்குள்ளேயே முடங்கிவிடுகின்றது. ஆங்கிலத் திரைப்பட நெறியாளர் கென் லோச்சின் 'நவிகேற்றர்ஸ்' (2001) அவ்வெல்லையைத் தாண்டிச் செல்வதனாலேயே விரிவாக நோக்கப்படவேண்டியதாகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் கால்வாய் வெட்டிய கூலியாட்களைச் சுட்டிய அப்பெயர், பின்னர் இருப்புப்பாதை அமைத்தோருக்கும் உரியதாயிற்று. அவர்களின் வழிவந்தோர் தொழிலாளராக வாழ்ந்த கடைசி நாட்களே படத்தின் பொருள்.

1948இல் அரசுடைமையாக்கப்பட்ட பிரித்தானியப் புகையிரத சேவை, 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் நூறளவான கம்பனிகளாகச் சிதறடிக்கப்பட்டது. தண்டவாளங்களையும் சமிக்ஞைகளையும் 1994இல் பொறுப்பேற்ற 'றெயில்ற்றக்' நிறுவனத்தின் பங்குகள் 1996இல் விற்கப்பட்டன. தண்டவாளத்தைப் பழுதுபார்க்கும் வேலையோ ஒப்பந்தக்காரருக்கும், அவர்களிடமிருந்து உப ஒப்பந்தக்காரருக்கும் சென்றது.

செவ்பீல்ட் நகரில் 1995இல் நிகழ்வதாக அமைந்த கதையில், பணிமனையொன்றின் பழுதுபார்க்கும் குழுவினர் ஒருநாள் காலையில் வேறொரு முதலாளியின் ஆட்களாகிவிடுகின்றனர். புதிய கம்பனியின் குறிக்கோள்களை மேற்பார்வையாளர் வாசிக்க, அவர்கள் சிரிக்கின்றனர். பார்ப்போரும் சிரிக்கின்றனர். விபத்து மரணங்கள் ஏற்கத்தக்க அளவினுள் இருத்தல் வேண்டுமென்பதும் அக்குறிக்கோள்களுள் ஒன்று என்று அறியும்போதுதான் அச்சிரிப்பின் கசப்பு தெரிகின்றது. நல்ல நிலையிலுள்ள உபகரணங்களை அவர்களே உடைத்தெறியும் காட்சியும் அத்தகையதே. ஒருவர் பின் ஒருவராக நட்டஈடு பெற்று விலகி, ஆட்களை அனுப்பும் முகவர் நிலையங்களில் நாட்கூலிகளாகப் பதிந்துகொள்கின்றனர். கூலி முன்னையதிலும் கூடுதலாகத் தோன்றுகின்றது. விடுமுறைக்கும் நோய்க்கும் எவரும் பணம் தருவதில்லை என்பது பின்னரே விளங்குகின்றது.

படைப்பின் வலிமை அதன் இறுதிப் பகுதியிலேயே முழுமையாக வெளிப்படுகின்றது. இரவில், புகையிரதம் வருவதை எச்சரிக்கும் காவலாள் இன்றி வேலை நடைபெறுகின்றது. ஜிம் என்னும் தொழிலாளி புகையிரதத்தால் மோதுண்டு வீழ்கின்றான். விதிமீறல் வெளிப்பட்டால் இனி வேலை கிட்டாது என்றஞ்சிய தோழர்கள், அவனைத் தெருவுக்குத் தூக்கிச் சென்று, வாகனம் மோதியதாகக் கூறுகின்றனர். அவன் இறந்துபோகின்றான். அவ்வாறு தூக்கிச் சென்றவர்களுள், பாதுகாப்புப் பற்றிக் குரலெழுப்பியமையால் முன்பு வேலை மறுக்கப்பட்ட மிக் என்பவனும் ஒருவன் என்பதை நாம் கவனித்தல் வேண்டும். லோச் கொடிய முதலாளி எவரையும் நம்முன் நிறுத்தவில்லை. நல்லவர்களே பொய்சொல்ல நேரும் ஒரு வேலையமைப்பையே காட்டுகின்றார். வில்லனைத் தேடிப் பழகிய நம் இரசனைக்கு இது சற்று உறுத்தலாயிருக்கலாம். கலை என்ற வகையில் இதுவே உயர்ந்த முறை என்பது என் கருத்து.

திரைக்கதையை எழுதிய றொப் டோபர் தாமே புகையிரதப் பாதையில் பல்லாண்டுகள் உழைத்தவர். அத்தொழிலில் சுவாசித்த அஸ்பெஸ்ரஸ் தூசினால் விளைந்த புற்றுநோய்க்கு, படம் மக்களைச் சென்றடையுமுன்னரே, 2001இல் பலியானார். உரையாடல்களில் காணப்படும் உயிர்ப்பு நூலறிவால் வந்ததன்று.

எனினும் படத்தில் ஒரு பெருங்குறை உண்டு. பயணிகள் அதில் இடம்பெறவேயில்லை. தொழிலாளியின் இழப்பு எவ்வாறு குடிமக்கள் அனைவரதும் இழப்பாகின்றது என்ற தொடர்பு பார்ப்பவரின் ஊகத்திற்கே விடப்படுகின்றது. அத்தொடர்பை வரலாறே காட்டியது. 2000 ஒக்ரோபர் 17இல் ஹற்பீல்ட் அருகே தண்டவாளம் சிதறி, விரைவுப் புகையிரதமொன்று தடம்புரண்டு நால்வர் மாண்டனர். வெடிப்புகள் முன்னரே அறியப்பட்டிருந்தன. மாற்றுத் தண்டவாளமும் அவ்விடத்திற்குக் கொண்டுவரப்பட்டுக் கிடந்தது. அதனைப் பொருத்துவதற்குத்தான் ஆளில்லை, அல்லது அது யாருடைய கடமை என்பதில் தெளிவில்லை.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். 1988இல் இலண்டன் கிளப்பம் விபத்தில் 35 பேர் மாண்டபோது புகையிரதம் அரசுடைமையாகவே இருந்தது. சமிக்ஞைக் கம்பிகளைத் தவறாக இணைத்த தொழில்நுட்பவியலாளர் பதின்மூன்று வாரங்களில் ஒரே ஒரு நாளே ஓய்வு பெற்றிருந்தார். அரசுடைமை என்ற காரணத்தால் மட்டும் எவ்வுயிரும் காக்கப்படுவதில்லை என்பதை ஏற்றேயாகவேண்டும். ஆயினும் கிளப்பத்திற்குப் பதில் சொல்ல ஒரே நிறுவனம் நின்றது. ஹற்பீல்ட் வழக்கிலோ கொலைக் குற்றச்சாட்டுகள் தள்ளுபடியாயின. முகாமையாளர் ஐவரும் 2005இல் விடுவிக்கப்பட்டனர். நிறுவனங்களுக்குத் தண்டப்பணம் விதிக்கப்பட்டது உண்மையே. ஆனால் 'றெயில்ற்றக்' 2001இலேயே முறிந்துபோய்விட்டமையால், அதன் பங்காகிய 35 இலட்சம் பவுணையும் செலுத்தவேண்டியதாயிற்று, 2002இல் அதன் இடத்திற்கு வந்த இலாப நோக்கற்ற 'நெற்வேர்க் றெயில்'. அந்நிறுவனத்தைத் தாங்கியது பொதுமக்களின் பணம். விபத்துக்குள்ளான அதே பயணிகளே தண்டத்தையும் கட்டினர் என்றால் அது மிகையன்று.

பழுதுபார்க்கும் வேலை 2004இல் ஒப்பந்தக்காரரிடமிருந்து மீளப்பெறப்பட்டது. 2024ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பயணிகள் சேவைகளும் ஒவ்வொன்றாக அரசிடம் திரும்பத் தொடங்கின. 2025 மே மாதத்தில் தென்மேற்குச் சேவை முதலாவதாகச் சேர்ந்தது. ஆனால் பயணிகள் ஏறிச்செல்லும் பெட்டிகளுக்கு அச்சட்டம் பொருந்தவில்லை. அவை குத்தகைக் கம்பனிகளுக்குச் சொந்தமாகவே விடப்பட்டன. அவற்றின் வாடகை பற்றி லோச்சின் படத்தில் ஒரு சொல்லும் இல்லை. தண்டவாளத்தில் குனிந்து நின்றவர்களின் கண்ணுக்கு அது எட்டியிருக்கவும் முடியாது.