புட் ஆஃப் என்றால் போஸ்ட்போன் மட்டும்தானா?

பல வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டிலிருந்த எங்கள் விற்பனைக்காரர் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். 'தி க்ளையன்ட் வாஸ் புட் ஆஃப் பை தி டெமோ.' ஏதோ தள்ளிப் போயிருக்கு என்று நினைத்துக்கொண்டு, 'பரவாயில்லை, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்' என்று பதில் வேறு போட்டேன். அவர் சொன்னது, 'டெமோவைப் பார்த்து வாடிக்கையாளருக்கு வெறுத்துப்போச்சு' என்று. அது புரிவதற்குள் வேலை வேறொருவர் கைக்குப் போய்விட்டது.

தப்பு என்னுடையதுதான். ஆனால் நான் பள்ளியில் மனப்பாடம் செய்த பட்டியலுக்கும் அதில் பங்கு உண்டு. புட் ஆஃப் = போஸ்ட்போன், கால் ஆஃப் = கேன்சல், புட் அப் வித் = டாலரேட். இரண்டு மதிப்பெண் நிச்சயம். என் விமர்சனம் நடுவில் இருக்கும் அந்தச் சமக்குறி மேல்தான்.

இங்கே பொருளைத் தீர்மானிப்பது செயப்படுபொருள். கூட்டத்தையோ பயணத்தையோ புட் ஆஃப் செய்தால் ஒத்திவைப்பு. ஆளைச் செய்தால் கதையே வேறு. 'தி ஸ்மெல் புட் மீ ஆஃப்' என்றால் நாற்றத்தில் எனக்குச் சாப்பிடும் ஆசையே போச்சு. பேசும்போது பக்கத்துச் சத்தம் கவனத்தைக் கலைத்தாலும் இதே சொல்தான். கடன் கொடுத்தவருக்குச் சாக்குச் சொல்லி அனுப்பினாலும் இதேதான்.

இது நமக்குப் புதுசா என்ன? 'கல்யாணத்தைத் தள்ளிவைத்தார்கள்' என்றால் தேதி மாறியிருக்கிறது. 'அந்தக் குடும்பத்தைத் தள்ளிவைத்தார்கள்' என்றால் ஊர்விலக்கு. வினை ஒன்றுதான், நாம் ஒருநாளும் குழம்புவதில்லை. ஆஃப் என்பதன் அடிப்படைப் பொருள் 'விலகி'. நாள் விலகினால் ஒத்திவைப்பு, மனம் விலகினால் வெறுப்பு, கவனம் விலகினால் தடுமாற்றம். இந்த ஒரு படத்தை வாத்தியார் வரைந்து காட்டியிருந்தால் பட்டியலே வேண்டாம்.

இன்னும் இரண்டு விஷயம் பட்டியலில் வராது. 'இட்' மாதிரிப் பிரதிப்பெயர் நடுவில்தான் உட்காரும்: புட் இட் ஆஃப். 'புட் ஆஃப் இட்' கிடையாது. பின்னால் வினை வந்தால் 'இங்' சேரும்: புட் ஆஃப் கோயிங். 'புட் ஆஃப் டு கோ' தப்பு.

சாமுவேல் ஜான்சனே 1755-இல் தன் அகராதியின் முன்னுரையில், இந்த வகை வினைகள்தான் அந்நியருக்கு மிகவும் கடினம் என்று எழுதியிருக்கிறார். அதனால் தடுமாறுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. சமக்குறி போட்டு, தெரிந்துவிட்டது என்று நம்புவதில்தான் ஆபத்து.

இப்போது என் பெண்ணின் நோட்டில் சொல்லுக்கு எதிரே சொல் எழுதச் சொல்வதில்லை. ஒரு வாக்கியம் நிகழ்ச்சிக்கு, ஒரு வாக்கியம் ஆளுக்கு. அவ்வளவுதான்.