‘இருந்தால்’ என்னும் பொருளைச் சுமக்கும் ஓர் ஆங்கிலத் தொடர்

ஆங்கில நூல்களின் முன்னுரைகளிலும் சட்டப் பத்திரங்களிலும் ‘எனி எர்ரர்ஸ் தேர் மே பி’ (பிழைகள் ஏதும் இருந்தால் அவை) போன்ற தொடர்களைக் காணலாம். ஒன்றின் இருப்பை அறிவிக்கும் ‘தேர்’ என்ற சொல்லும், வாய்ப்பு, ஊகம், இயலுகை ஆகியவற்றை உணர்த்தும் ‘மே’, ‘மஸ்ட்’, ‘கேன்’ போன்ற துணைவினைகளுள் ஒன்றும் சேர்ந்து, முன்னால் நிற்கும் பெயரை வரையறுக்கும் சார்புவாக்கியமாக இதில் அமைகின்றன.

‘எர்ரர்ஸ்’ என்பதற்குப் பின் ‘தட்’ என்ற இணைப்புச் சொல் வராமலேயே இத்தொடர் நிறைவு பெறுவது கவனிக்கத்தக்கது. சார்புவாக்கியத்தின் எழுவாயாக நிற்கும் இணைப்புச் சொல்லை இன்றைய பொது ஆங்கிலம் விட்டுவிடுவதில்லை. இங்கோ எழுவாயின் இடத்தைப் பொருளற்ற ‘தேர்’ நிரப்பிவிடுவதால், பிழைகளைக் குறிக்கும் உறுப்பு வினைக்குப் பின்னே தள்ளப்பட்டு, இணைப்புச் சொல்லை நீக்க இடம் கிடைக்கிறது. இவ்வாறு இணைப்புச் சொல்லின்றிப் பெயரை ஒட்டிவரும் வாக்கியங்களை டேனிய அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் ‘தொடுவாக்கியங்கள்’ என்னும் பொருள்படப் பெயரிட்டு அழைத்தார்.

இதனினும் ஆழமான புதிர் ஒன்று உண்டு. இருப்பை அறிவிக்கும் ‘தேர்’ வாக்கியத்தில் ‘தி’ பெற்ற குறிப்பான பெயர் எளிதில் பொருந்தாது என்பதை மொழியியலாளர் கேரி மில்சார்க் 1974-இல் தம் ஆய்வேட்டில் விரிவாக விளக்கினார். ஆயினும் ‘தி எர்ரர்ஸ் தேர் மே பி’ என்பது இயல்பான ஆங்கிலமாகவே ஒலிக்கிறது. இதற்கு விடையாக, மொழியியலாளர் கிரெக் கார்ல்சன் 1977-இல் இவ்வகைச் சார்புவாக்கியங்கள் தனித்தனிப் பொருள்களை அல்லாமல் அளவையே சுட்டுகின்றன என்று வாதிட்டார். ‘எனி’, ‘ஆல்’, ‘எவ்ரி’ ஆகியவை இத்தொடரின் தலைப்பெயரோடு இசைந்து நிற்க, ‘சம்’, ‘மெனி’ ஆகியவை இசையாததற்கு இவ்விளக்கமே காரணம் காட்டுகிறது.

இத்தொடரின் பெருமை அதன் நேர்மையில் உள்ளது. ‘தி எர்ரர்ஸ்’ என்று மட்டும் எழுதினால் பிழைகள் உண்டென்பது ஒப்புக்கொள்ளப்பட்டதாகிவிடும். ‘தேர் மே பி’ சேர்ந்ததும், உண்டா இல்லையா என்ற கேள்வி திறந்தே நிற்க, இருப்பின் அவை அனைத்தும் என்ற அளவும் அடங்கிவிடுகிறது. அதாவது ஒரு நிபந்தனை வாக்கியமே பெயர்த்தொடருக்குள் மடங்கிக் கிடக்கிறது. துணைவினை மாறினால் பொருளும் மாறும்: ‘மஸ்ட்’ உறுதியான ஊகத்தையும், ‘தி பெஸ்ட் தேர் கேன் பி’ என்பதிலுள்ள ‘கேன்’ இயலுகையின் எல்லையையும் காட்டும்.

குறைகளும் கடுமையானவை. எழுத்தில் ‘எர்ரர்ஸ் தேர்’ என்று கண்ட கண்ணுக்கு ‘அங்குள்ள பிழைகள்’ என்ற பொருளே முதலில் தோன்றி, வாசிப்பு தடுமாறக்கூடும். பேச்சில் அழுத்தமின்றி ஒலிக்கும் ‘தேர்’ அங்கு அக்குழப்பத்தைப் பெரும்பாலும் தவிர்க்கிறது, எழுத்துக்கோ அந்த உதவி இல்லை. வில்லியம் ஸ்ட்ரங்க் 1918-இல் தம் எழுத்துநடைக் கையேட்டில் ‘தேர்’ வாக்கியங்களைச் சுறுசுறுப்பான வினைகளால் மாற்றச் சொன்னதும் நினைவுகூரத்தக்கதே, எனினும் அந்த விதியை இங்கே கண்ணைமூடிப் பின்பற்றினால் நிபந்தனைப் பொருளும் போய்விடும். இவற்றினும் பெரிய குறை, தவறு நடந்தது தெரிந்த பின்னும் ‘வாட்டெவர் எர்ரர்ஸ் தேர் மே ஹாவ் பீன்’ என எழுதுவது. செய்தவர் பெயர் மறைய, நடந்த செயலே ஐயத்துக்குரியதாகிவிடுகிறது. இது இலக்கண நயம் அன்று, பொறுப்பைத் தட்டிக்கழித்தல்.

இத்தொடரைத் தமிழாக்குவதும் எளிதன்று. தமிழில் ‘இருக்கலாம்’ என்ற முற்று நேராகப் பெயரெச்சமாவதில்லை. ‘இருக்கக்கூடிய பிழைகள்’ என்பது இலக்கணத்துக்கு ஒத்ததே ஆயினும், அதில் நிபந்தனை மங்கிவிடுகிறது. ஆதலால் மொழிபெயர்ப்பாளர்கள் பெயரெச்சத்தைத் தேடி அலையாமல், ‘பிழைகள் இருந்தால்’ என்று பிரித்தெழுதுவதே மூலத்துக்கு உண்மையாக இருக்கும்.